டோகமாக்ல உலோகச் சுவர் பிளாஸ்மாவுக்கு என்ன பண்ணுது?

கேள்வி இதுதான்: டோகமாக்ல (ஃப்யூஷனுக்காக பிளாஸ்மாவை, அதாவது கரண்ட் கடத்துற சூடான வாயுவை, காந்தப்புலத்தால வளையமா பிடிச்சு வைக்கிற மெஷின்ல) பிளாஸ்மா சுவரைத் தொடவே கூடாதுன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, கரண்ட் கடத்துற சுவர் கிட்டக்க இருந்தாதான் பிளாஸ்மா ஸ்டேபிளா இருக்கும்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க, தொடாத சுவர் எப்படி உதவும், அப்படி உதவும்னா சூப்பர்கண்டக்டர்லயே சுவர் கட்டிட்டா வேலை முடிஞ்சிடாதா?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நிஜ உலோகத்துல செஞ்ச சுவர் தனியா எந்த இன்ஸ்டபிலிட்டியையும் (சின்னதா ஆரம்பிச்சு தானா வளர்ற கோணலையும்) முழுசா நிறுத்தாது, அதோட வேகத்தை ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்குன்னு குறைச்சு நமக்கு அவகாசம் குடுக்கும், அந்த அவகாசத்துல நாம என்ன பண்றோங்கிறதுதான் கடந்த முப்பது வருஷமா இந்த துறையில நடந்துட்டிருக்கிற வேலை.

பிளாஸ்மாக்குள்ள பெரிய கரண்ட் ஓடுது, பெரிய மெஷின்ல மில்லியன் ஆம்பியர் கணக்குல. அந்த பிளாஸ்மா ஒரு பக்கமா லேசா புடைச்சா, இல்ல திருகு மாதிரி வளைஞ்சா (இதைத்தான் கிங்க்னு சொல்றது), அதோட காந்தப்புலமும் கூடவே நகரும், சுவர் வழியா போற ஃப்ளக்ஸ் (காந்தப்புலத்தோட அளவு) மாறும், மாறினா சுவர்ல எடி கரண்ட் (புலம் மாறுறதால உலோகத்துல தானா சுழல்ற கரண்ட்) ஓடும், அந்த கரண்ட் உண்டாக்குற புலம் பிளாஸ்மா புடைச்ச அந்த இடத்தையே திருப்பித் தள்ளும். தொட வேண்டிய அவசியமே இல்ல, எல்லாம் புலம் வழியாவே நடக்குது. காப்பர் குழாய்க்குள்ள ஒரு காந்தத்தை விட்டா அது மிதக்கிற மாதிரி மெதுவா இறங்கும் இல்லையா, அதே விஷயம்தான். ஆனா ஒண்ணை மறந்துடக்கூடாது, அந்த காந்தம் மெதுவா இறங்குது, நிக்கல. ஏன்னா காப்பர்ல ரெசிஸ்டன்ஸ் இருக்கு, எடி கரண்ட் தேய்ஞ்சுகிட்டே போகுது, தேய்ஞ்ச அளவுக்கு காந்தம் கீழ நகருது. பிளாஸ்மாவும் அப்படித்தான் நகரும்.

இப்ப எண்களைப் பாருங்க. சுவரே இல்லாம ஒரு எக்ஸ்டர்னல் கிங்க் வளர ஆரம்பிச்சா அது ஆல்ஃப்வேன் நேரம்ங்கிற அளவுல (காந்த அலை பிளாஸ்மாவைக் கடக்கிற நேரத்துல) வளரும், ஐட்டர் (பிரான்ஸ்ல கட்டிட்டிருக்கிற சர்வதேச டோகமாக்) மாதிரி மெஷினுக்கு அது சுமார் ஒரு மைக்ரோசெகண்ட், கொஞ்சம் தாமதம் வச்சாலும் சில நூறு மைக்ரோசெகண்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், எந்த பவர் சப்ளையும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. சுவர் இருந்தா அந்த மோட் (இப்படி வளர்ற கோணல் வடிவத்துக்கு மோட்னு பேரு) எடி கரண்ட் தேயற வேகத்துலதான் வளர முடியும். சுவரோட காலம் எவ்ளோன்னு தோராயமா கணக்கு போடலாம், காந்த மாறிலி பெருக்கல் உலோகத்தோட கடத்துதிறன் பெருக்கல் சுவரோட ஆரம் பெருக்கல் சுவரோட தடிமன், வகுத்தல் ரெண்டு. அரை மீட்டர் ஆரத்துல 3 மில்லிமீட்டர் காப்பர் போட்டுப் பாருங்க, ஐம்பது மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல வரும். அதே சைஸ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டா நாப்பது மடங்கு குறைஞ்சு ஒரு மில்லிசெகண்டு பக்கம் வந்துரும். மைக்ரோசெகண்ட்ல நடக்க வேண்டியது மில்லிசெகண்டுக்கு வந்துருச்சுன்னா அது கண்ட்ரோல் பண்ணக்கூடிய பிரச்சனையா மாறிடுச்சுன்னு அர்த்தம். இப்படி மெதுவா வளர்ற அந்த கிங்க்குக்குத்தான் ரெசிஸ்டிவ் வால் மோட்னு பேரு.

இங்க ஒரு முக்கியமான தியரி ரிசல்ட் இருக்கு. 1971-ல ஃபிர்ஷும் டாஸோவும் காட்டினாங்க, ஒரு ஐடியல் பிளாஸ்மா, அதாவது ரெசிஸ்டன்ஸே இல்லைன்னு வச்சுகிட்ட பிளாஸ்மா, சுவர் இல்லாதப்ப அன்ஸ்டேபிள்னா, ரெசிஸ்டன்ஸ் உள்ள அசையாத சுவரை எங்க வச்சாலும் அது அன்ஸ்டேபிளாதான் இருக்கும், வளர்ற வேகம் மட்டும்தான் மாறும். நிறைய பேர் "சுவர் பிளாஸ்மாவை ஸ்டெபிலைஸ் பண்ணுது"ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போயிடறாங்க, அந்த வரி சூப்பர்கண்டக்டர் மாதிரி ரெசிஸ்டன்ஸே இல்லாத கற்பனைச் சுவருக்கு மட்டும்தான் சரி.

சுவர் எவ்ளோ கிட்ட இருக்கணும்? சிலிண்டர் மாடல்ல பார்த்தா சுவரோட தாக்கம், பிளாஸ்மா ஆரத்தை சுவர் ஆரத்தால வகுத்து அதை மோட் எண்ணோட ரெண்டு மடங்கு பவருக்கு உயர்த்தினா வர்ற அளவுல இருக்கும். குறுக்குவெட்டைச் சுத்தி ரெண்டு தடவை ஏறி இறங்குற மோட்னா பவர் நாலு. சுவர் பிளாஸ்மா ஆரத்தைவிட 1.2 மடங்கு தள்ளி இருந்தா அந்த எண் 0.48, 1.5 மடங்கு தள்ளி இருந்தா 0.2-க்கும் கீழ. அதாவது கொஞ்சம் தள்ளி வச்சாலே பாதிக்கு மேல போயிடுது, இன்னும் பொடி பொடியா ஏறி இறங்குற மோட்களுக்கு இது இன்னும் மோசம், அதுங்களுக்கு சுவர் இருக்கிறதே தெரியாது. நல்ல வேளையா பீட்டாவை (பிளாஸ்மா பிரஷரோட அளவு, கீழ விளக்கறேன்) ஏத்தும்போது பெருசா தொல்லை குடுக்கிறது அகலமா பரவுற லோ நம்பர் மோட்கள்தான், அதனாலதான் இந்த உபாயம் வேலை செய்யுது.

இதை வெறும் கணக்கா இல்லாம கண்ணால பார்க்கணும்னா நியூயார்க்ல கொலம்பியா யூனிவர்சிட்டியோட ஹெச்பிடி-இபி மெஷினைப் பத்திப் படிங்க, எனக்கு இந்த துறையிலேயே ரொம்பப் பிடிச்ச எக்ஸ்பெரிமென்ட் அது. சின்ன டோகமாக்தான், ஆனா அதோட கடத்துற சுவரை துண்டு துண்டா செஞ்சு முன்னாடி பின்னாடி நகர்த்துற மாதிரி வச்சாங்க. சுவரை பிளாஸ்மாகிட்ட கொண்டு வந்தா கிங்க் அடங்குது, பின்னாடி இழுத்தா அதே மாதிரியான பிளாஸ்மா டிஸ்ரப்ட் ஆகுது (திடீர்னு கட்டுப்பாடு போய் அணைஞ்சிடுது). வேற எதையும் மாத்தாம சுவர் தூரத்தை மட்டும் மாத்தி இவ்ளோ நேரடியா காட்டின வேற மெஷின் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பழைய காலத்துல சுவருக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சு. மாஸ்கோ குர்ச்சாத்தவ் இன்ஸ்டிடியூட்டோட டி-3, அதாவது 1968-ல நோவோசிபிர்ஸ்க் மாநாட்டுல ரிசல்ட் சொல்லி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வச்ச, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் டீம் லேசரோட போய் அளந்து உண்மைதான்னு சொன்ன அந்த மெஷின்ல, பிளாஸ்மாவைச் சுத்தி தடிமனான காப்பர் ஷெல் இருந்துச்சு. வளையமா இருக்கிற கரண்ட் தானா வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், ஷெல்லோட எடி கரண்ட்தான் அதைப் பிடிச்சு வச்சுது. ஷாட் சில பத்து மில்லிசெகண்ட்தான்ங்கிறதால அது போதுமா இருந்துச்சு, செகண்ட் கணக்குல ஓட்டணும்னு வந்ததும் ஷெல் கரண்ட் தேய்ஞ்சிடும் இல்லையா, அதனால அந்த வேலையை வெளிய இருக்கிற வெர்டிகல் ஃபீல்ட் காயில்களும் ஃபீட்பேக்கும் எடுத்துக்கிச்சு.

அதே கதை இன்னைக்கும் செங்குத்து திசையில நடக்குது. இப்ப இருக்கிற டோகமாக்ல பிளாஸ்மா வட்டமா இல்ல, உயரமா நீட்டி வச்சிருப்பாங்க, ஐட்டர்ல உயரம் அகலத்தைவிட சுமார் 1.85 மடங்கு. நீட்டினா அதே காந்தப்புலத்துல அதிக கரண்ட் ஓட்டலாம், அதிக பிரஷர் தாங்கும், ஆதாயம் பெருசு. ஆனா நீட்டுறதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற காயில் பிளாஸ்மாவை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கணும், அது லேசா மேல நகர்ந்தா மேல இருக்கிற காயில் இன்னும் அதிகமா இழுக்கும், அவ்ளோதான், போயே போச்சு. சுவர் இல்லாம இது மைக்ரோசெகண்ட்ல நடக்கும், நீட்டல் வச்ச டோகமாக் ஒண்ணு கூட ஓடாது. வெசலும் (பிளாஸ்மாவைச் சுத்தி இருக்கிற வெற்றிட உலோகப் பாத்திரம்) உள்ள இருக்கிற காப்பர் தகடுகளும் அந்த நகர்வை மில்லிசெகண்டுகளுக்கு இழுத்தடிக்குது, அதுக்குள்ள சென்சார் பார்த்து காயில்ல கரண்ட் மாத்தி திருப்பி நடுவுக்குக் கொண்டு வந்துடறாங்க. ஐட்டர் வெசலுக்குள்ளயே இதுக்குன்னு ரெண்டு காயில் வைக்கிறாங்க, ஏன்னா அந்த ரெட்டைச் சுவர் வெசல் எவ்ளோ நல்லா பிளாஸ்மாவை நிதானப்படுத்துதோ அவ்ளோ நல்லா வெளிய இருந்து வர்ற கண்ட்ரோல் புலத்தையும் உள்ள விடாம தாமதப்படுத்தும். டிசைன் பண்றவங்களுக்கு இது நிஜமான தலைவலி, தடிமனா வச்சா கண்ட்ரோல் மெதுவாகும், மெல்லிசா வச்சா பிளாஸ்மா வேகமா ஓடும்.

இப்ப பீட்டா பக்கம் வருவோம், ரெசிஸ்டிவ் வால் மோட் முக்கியமாகிறது இங்கதான். பீட்டான்னா பிளாஸ்மா பிரஷருக்கும் காந்தப்புல பிரஷருக்கும் உள்ள விகிதம், காந்தப்புலம் மாறாம இருந்தா ஃப்யூஷன் பவர் பீட்டாவோட ஸ்கொயரா ஏறும், அதனால பீட்டாவை 30 சதவீதம் ஏத்தினா பவர் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறுது. 1984-ல ட்ரோயான் குழு கணக்கு போட்டு ஒரு லிமிட் சொன்னாங்க, கரண்ட், சைஸ், புலம் எல்லாத்தையும் வச்சு நார்மலைஸ் பண்ண பீட்டா சுமார் 2.8 தாண்டக் கூடாதுன்னு. அது சுவரே இல்லாத கணக்கு. ஐடியல் சுவர் இருந்தா லிமிட் இன்னும் மேல போகும். இந்த ரெண்டு லிமிட்டுக்கும் நடுவுல இருக்கிற இடம்தான் எல்லாரும் கண்ணு வைக்கிற இடம், அங்க கிங்க்கை வளர விடாம தடுக்கிறது சுவர் மட்டும்தான், சுவர்லயோ ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அதனால ஃபிர்ஷ் டாஸோ சொன்னபடி மெதுவான மோட் வளர்ந்தே தீரணும்.

ஆனா எக்ஸ்பெரிமென்ட்ல நடந்தது வேற. சான் டியேகோல இருக்கிற டி-த்ரீ-டி டோகமாக்ல 90-களின் நடுவுல, சுவர் இல்லாத லிமிட்டைத் தாண்டியும் சுவர் காலத்தைவிட பல மடங்கு நேரம் பிளாஸ்மா நல்லாவே ஓடுச்சு. விளக்கம் பிளாஸ்மாவோட சுழற்சியில இருந்துச்சு. நியூட்ரல் பீம் (பிளாஸ்மாவைச் சூடாக்க உள்ள அனுப்புற வேகமான அணுக்கள்) ஒரே திசையில அடிக்கிறதால பிளாஸ்மா வேகமா சுத்தும், மோட் சுவரைப் பிடிச்சுகிட்டு கிட்டத்தட்ட அசையாம நிக்கும், அப்போ பிளாஸ்மா பார்வையில அந்த மோட் வேகமா கடந்து போற ஒரு அலை, அந்த அலையோட சக்தியை பிளாஸ்மா உறிஞ்சிக்கிட்டா மோட் வளர முடியாது. போண்டிசனும் வார்டும் 1994-ல இதை தியரியா காட்டிட்டாங்க, சுழற்சியும் சக்தி உறிஞ்சலும் சேர்ந்தா ரெசிஸ்டிவ் சுவரே கிட்டத்தட்ட ஐடியல் சுவர் மாதிரி நடந்துக்கும்னு. 1971 ரிசல்ட் தப்பாகல, அது பிளாஸ்மா ஐடியலா, சுழலாம இருக்குன்னு வச்சுகிட்டு போட்ட கணக்கு.

அப்புறமும் ஒரு புதிர் இருந்துச்சு, லிமிட்டைத் தாண்டினதும் சுழற்சி தானா குறைஞ்சுகிட்டே வந்து கடைசில மோட் வெளிய வந்துரும். ஏன்னு 2001-ல பூஸர் சொன்னார், காயில்கள் மில்லிமீட்டர் கணக்குல கோணலா இருக்கிறதால வர்ற சின்ன எரர் ஃபீல்டை, லிமிட் பக்கத்துல இருக்கிற பிளாஸ்மா பெருசாக்கிக் காட்டுது, அந்தப் பெருசான புலம் பிளாஸ்மா சுழற்சிக்கு பிரேக் போடுது. டி-த்ரீ-டி டீம் எரர் ஃபீல்டை கவனமா சரி பண்ணி, சுழற்சியைக் காப்பாத்தி, சுவர் இல்லாத லிமிட்டைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் பிரஷரை ஒரு செகண்டுக்கு மேல தாங்க வச்சுட்டாங்க. இந்த ரிசல்ட் 2002-ல வந்தது, இந்த துறையில ரொம்ப அழகான வேலைன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா பெரிய மெஷினோ புது காயிலோ தேவைப்படல, காரணத்தைச் சரியா புரிஞ்சுகிட்டதே போதுமா இருந்துச்சு.

எவ்ளோ சுழற்சி வேணும்ங்கிறதுல அப்புறம் ஒரு பெரிய திருப்பம் வந்துச்சு. முதல்ல ஆல்ஃப்வேன் வேகத்துல ஒண்ணு ரெண்டு சதவீதமாவது வேணும்னு நினைச்சாங்க. 2007-ல டி-த்ரீ-டியும் ஜப்பானோட ஜேடி-60யூவும் ரெண்டு திசையிலயும் பீம் அடிச்சு சுழற்சியைக் குறைச்சுப் பார்த்தா சுமார் 0.3 சதவீதத்துலயே பிளாஸ்மா தாங்குது. அப்போ ஃப்ளூயிட் கணக்கு போதல, ஒவ்வொரு துகளும் என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். காந்தப்புலத்துல சிக்கின துகள்கள் வாழைப்பழ வடிவப் பாதையில போயிட்டு வந்துகிட்டே பிளாஸ்மா வளையத்தைச் சுத்தி மெதுவா நகரும், அந்த நகர்வு வேகம் மோடோட ஒத்துப் போனா மோட்ல இருந்து சக்தி உறிஞ்சப்படும். இதுல வேடிக்கையான விளைவு ஒண்ணு இருக்கு, பிரின்ஸ்டனோட என்எஸ்டிஎக்ஸ்ல 2010 வாக்குல பார்த்தாங்க, சுழற்சி ரொம்ப குறைவா இருந்தா ஒரு ரெசொனன்ஸ் (இப்படி ஒத்துப் போறதுதான்) காப்பாத்துது, அதிகமா இருந்தா வேற ரெசொனன்ஸ் காப்பாத்துது, ரெண்டுக்கும் நடுவுல காப்பாத்த எதுவும் இல்லாம மோட் வெளிய வந்துருது. அதனால "வேகமா சுத்தினா நல்லது"ன்னு எளிமையா சொல்லிட முடியாது.

சுழற்சி கிடைக்காத இடத்துல ஃபீட்பேக்தான் வழி, அதுல இத்தாலியோட படோவா ஊர்ல இருக்கிற ஆர்எஃப்எக்ஸ்-மாட் செஞ்சதைச் சொல்லாம விட முடியாது. அது ரிவர்ஸ்ட் ஃபீல்ட் பிஞ்ச் வகை (டோகமாக் மாதிரியே வளையம்தான், ஆனா விளிம்புல நீளவாட்டு காந்தப்புலம் திசை திரும்பியிருக்கும்), அந்த வகையில ஒரே நேரத்துல பல மோட் வளரும், அதனால பழைய ஆர்எஃப்எக்ஸ்ல 65 மில்லிமீட்டர் தடிமன்ல அலுமினியம் ஷெல் இருந்துச்சு. அதை எடுத்துட்டு 3 மில்லிமீட்டர் காப்பர் ஷெல் போட்டாங்க (மேல போட்ட கணக்கு இதுதான், சுமார் 50 மில்லிசெகண்ட்), அதுக்கு வெளிய 192 காயில், நீளவாட்டுல 48, சுத்துவாட்டுல 4, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பவர் சப்ளை. சென்சார் ஒவ்வொரு இடத்துலயும் எவ்ளோ ஃப்ளக்ஸ் கசியுதுன்னு பார்க்கும், காயில் அதை உடனே ரத்து பண்ணும், அதாவது தேய்ஞ்சு போற எடி கரண்டை எலக்ட்ரானிக்ஸ் நிரப்பிக்கிட்டே இருக்கு, பிளாஸ்மாவுக்கு சுவர் ரெசிஸ்டன்ஸ் இல்லாத சுவராவே தெரியும். இதே மெஷினை டோகமாக்கா ஓட்டி, சேஃப்டி ஃபேக்டரை (புலக்கோடு குறுக்குவெட்டை ஒரு தடவை சுத்தறதுக்குள்ள வளையத்தை எத்தனை தடவை சுத்துதுங்கிற எண்) 2-க்கு கீழ இறக்கிக் காட்டினாங்க, சாதாரணமா அங்க உடனே டிஸ்ரப்ஷன்தான், ஃபீட்பேக் இருந்ததால ஓடுச்சு. டி-த்ரீ-டியும் அதையே செஞ்சுது, ரெண்டும் சேர்ந்து 2014-ல பப்ளிஷ் ஆச்சு.

சுவரையே சுத்த விட்டா என்னன்னும் யோசிச்சிருக்காங்க. விஸ்கான்சின் மேடிசன்ல பிளாஸ்மாவைச் சுத்தி ஒரு கண்டக்டர் சிலிண்டரை நிஜமாவே சுழல விட்டு 2011-ல ரெசிஸ்டிவ் வால் மோட் அடங்குறதைக் காட்டினாங்க. ரியாக்டர்ல இப்படி செய்யறது கஷ்டம், ஆனா தியரி சொன்னது உண்மைன்னு ஆணித்தரமா காட்டுச்சு.

சுவரால கெடுதலும் உண்டு, அதையும் சொல்லணும். பிளாஸ்மா உள்ள ஒரு மேக்னட்டிக் ஐலண்ட் (காந்தப் புலக்கோடுகள் தனியா சுருண்டு மூடிக்கிற இடம்) சுத்திகிட்டிருந்தா சுவர்ல எடி கரண்ட் ஓடி அதுக்கு பிரேக் போடும், ஐலண்ட் வளர வளர பிரேக்கும் அதிகமாகி கடைசில நின்னுடும், அதுக்குப் பேரு லாக்டு மோட், பல டிஸ்ரப்ஷன் இப்படித்தான் ஆரம்பிக்குது. சுவர்ல வெட்டு இல்லாம வச்சா ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி கரண்ட் தூண்டும்போது சுவரே ஷார்ட் சர்க்யூட் ஆயிடும், வெட்டு வச்சா அந்த இடத்துல எடி கரண்ட் சுத்தி வளைஞ்சு போய் எரர் ஃபீல்ட் உண்டாக்கும், போர்ட் ஓட்டைகளும் அப்படித்தான். செங்குத்து கண்ட்ரோல் கை நழுவினா பிளாஸ்மா கரண்ட்ல ஒரு பங்கு சுவர் வழியாவே ஓடி பெரிய விசை வரும், இங்கிலாந்துல கல்ஹாம்ல இருந்த ஜெட் மெஷின்ல 90-கள்ல அப்படி ஒரு ஷாட்ல மொத்த வெசலும் பக்கவாட்டுல சில மில்லிமீட்டர் நகர்ந்துச்சு. நூத்துக்கணக்கான டன் விசை இல்லாம அது நடக்காது. ஐட்டருக்கு ஆயிரக்கணக்கான டன்னு கணக்கு போட்டு வெசல் சப்போர்ட்டை டிசைன் பண்ணியிருக்காங்க.

இப்ப சூப்பர்கண்டக்டர் சுவர் கேள்விக்கு வரலாம். ஸ்டெபிலிட்டிக்கு மட்டும் பார்த்தா அருமையான யோசனை, ஆனா ரெண்டு தடை. ஒண்ணு, டியூட்டீரியம் ட்ரிட்டியம் எரிச்சா 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் வரும், சூப்பர்கண்டக்டரை அதுல இருந்து காப்பாத்த பிளாங்கெட்டும் ஷீல்டும் (நியூட்ரானை உறிஞ்சுற தடிமனான அடுக்குகள்) சேர்த்து சுமார் ஒரு மீட்டர் வேணும், அவ்ளோ தள்ளிப் போனா மேல சொன்ன பவர் கணக்குப்படி சுவரோட பலனே போயிடும். ரெண்டாவது, ரெசிஸ்டன்ஸே இல்லாத மூடின சுவர் எந்தப் புலத்தையும் உள்ள விடாது, பிளாஸ்மா கரண்டைத் தூண்டவோ, வடிவத்தை மாத்தவோ, இடத்தை நகர்த்தவோ வெளிய இருக்கிற காயில் எதுவும் உதவாது. சுவர் கொஞ்சம் கசியறதுதான் நமக்கு கைப்பிடி.

ரியாக்டர் டிசைன்ல இன்னொரு சிக்கல், நியூட்ரான் தாங்குறதுக்காக ஃபெரிட்டிக் ஸ்டீல் வைக்கப் பார்க்கிறாங்க, அது காந்தத்தன்மை உள்ளது, எடி கரண்ட் தள்ளுற அதே நேரத்துல இரும்பு பிளாஸ்மா புலத்தை தன் பக்கம் இழுக்கும், கிங்க் கொஞ்சம் சீக்கிரமாவே கிளம்பும். ஹெச்பிடி-இபில இதுக்குன்னே சில சுவர் துண்டுகளை ஃபெரிட்டிக்கா மாத்தி சோதிச்சாங்க, ஜப்பான்ல ஜேஎஃப்டி-2எம் மெஷின்லயும் உள்ள ஃபெரிட்டிக் தகடு வச்சு ஓட்டிப் பார்த்தாங்க, சமாளிக்க முடியும்ங்கிற அளவுலதான் இருந்துச்சு.

அடுத்து பார்க்க வேண்டியது ஜப்பான்ல நாகாவுல இருக்கிற ஜேடி-60எஸ்ஏ. 2023 அக்டோபர்ல முதல் பிளாஸ்மா வந்துச்சு. உள்ள ஸ்டெபிலைசிங் பிளேட், அதுக்கு பிளாஸ்மா பக்கத்துலயே 18 கண்ட்ரோல் காயில், ரெசிஸ்டிவ் வால் மோடுக்குன்னே, நார்மலைஸ்டு பீட்டா 4-க்கு மேல நீண்ட நேரம் ஓட்டணும்ங்கிறது இலக்கு. சுவர், சுழற்சி, துகள் ரெசொனன்ஸ், ஃபீட்பேக் இது நாலும் ஒரே மெஷின்ல ஒண்ணா எப்படி நடந்துக்குதுன்னு இதுவரைக்கும் இவ்ளோ பெரிய அளவுல யாரும் பார்த்ததில்ல. நீங்க மேல படிக்கணும்னா முதல்ல சிலிண்டர் மாடலை எடுத்து, சுவர் தூரத்தையும் சுவர் காலத்தையும் மாத்தி மாத்தி வளர்ற வேகத்தை நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, அப்புறம் சுழற்சியைச் சேருங்க, அது பிடிபட்டுச்சுன்னா இந்த மெஷின்களோட ரிசல்ட் ஒவ்வொண்ணும் ஏன் அப்படி வந்துச்சுன்னு தானா விளங்க ஆரம்பிக்கும். கணக்குல எங்கயாவது மாட்டிக்கிட்டா கேளுங்க, எழுதறேன்.